செய்தி நேரத்தில் நின்ற பெயர்

உங்கள் கணினித் திரையின் வலது மூலையில், ஒலியின் அளவைக் காட்டும் பச்சைக் கோடுகளுக்குக் கீழே, 'பாடியவர்' என்று ஒரு சிறு கட்டம் இருக்கிறது. ஒலிபரப்புக் கூடத்துக்குப் புதிதாக வருகிறவர்கள் அதைக் கடைசியாகத்தான் கவனிப்பார்கள். குரல் தெளிவாகப் போகிறதா, அடுத்த பாடல் தயாராக இருக்கிறதா, விளம்பரம் தவறவில்லையா என்பவைதான் முதல் மாதங்களின் கவலைகள். அந்தக் கட்டத்தில் எதை நிரப்புவது என்று பயிற்சியில் உங்களுக்குச் சொல்லியிருப்பார்கள். அதை நிரப்புவதற்காக ஒருவர் தம் மேலதிகாரியோடு எவ்வளவு தூரம் மோதலாம் என்பதை எந்தப் பயிற்சியிலும் சொல்வதில்லை. ஓய்வுபெற்றுவிட்டவள் என்பதால் அதைச் சொல்ல எனக்குத் தயக்கம் இல்லை.

கட்டத்தில் நாம் எழுதும் ஒரு வரி, பாடலோடு சேர்ந்தே அலையில் ஏறிப் போகிறது. பஸ்ஸிலும் வேனிலும் முச்சக்கரவண்டியிலும் இருக்கும் புதிய வானொலிப் பெட்டிகளின் சின்னஞ்சிறு கண்ணாடியில் அது எழுத்தாக ஓடும். பெரும்பாலான பெட்டிகளுக்கு ஆங்கில எழுத்து மட்டுமே தெரியும் என்பதால் தமிழ்ப் பெயரையும் ஆங்கில எழுத்தில்தான் அனுப்பினோம். இன்றும் அப்படித்தான் அனுப்புகிறீர்கள். ஒரு நேரத்தில் ஒரு சிறு வரிக்குத்தான் இடம். புதிய வரியை அனுப்பாவிட்டால் பழைய வரி அப்படியே நிற்கும். இந்தக் கடைசிச் செய்தியை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

இரத்தினபுரியில் இருக்கும் நமது நிலையம் நாள் முழுவதும் சிங்களத்தில் பேசுகிறது. ஞாயிறு முற்பகலில் அரைமணி நேரம் மட்டும் தமிழ். சப்பிரகமுவவின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் வாழும் நம் மக்களுக்கு, வாரம் முழுவதற்கும் சேர்த்து அந்த அரைமணிதான். எஹலியகொடவுக்கு அருகே ரப்பர் பால் வெட்டிய ஒருவரின் மகளாகிய நான், பல்கலைக்கழகப் பட்டத்தோடு அந்த அரைமணியின் தயாரிப்பாளராகச் சேர்ந்தேன். எதையும் இரண்டு முறை யோசித்த பிறகே பேசுவேன். அதனால் நிலையத்தில் என்னை அமைதியானவள் என்று நினைத்தார்கள். அந்த எண்ணம் பிற்காலத்தில் எனக்குப் பயன்பட்டது.

பெயர்களைக் காட்டும் கருவி வந்த புதிதில், சிங்களப் பாடல்கள் எல்லாம் நிலையத்தின் பாடல் சேமிப்பில் இருந்து, பாடியவர் பெயரோடு தாமாகவே ஓடின. எங்கள் பாடல்கள் அந்தச் சேமிப்பில் இல்லை. தோட்டங்களில் பதிவுசெய்து, கைப்பையில் கொண்டுவந்து, கையால் போடுவோம். ஆகவே தமிழ் அரைமணி தொடங்கும்போது அதற்கு முன் பாடிய சிங்களப் பாடகரின் பெயர் அப்படியே நின்றுவிடும். தோட்டத்து வரிசை வீடான லயத்தின் வாசலில் பாடிய ஒரு தாலாட்டு, நாடறிந்த ஒரு பாடகரின் பெயரில் ஊர்வலம் போகும்.

ஒருநாள் ஒரு வேன் ஓட்டுநர் நிலையத்தை அழைத்தார். "அந்தப் பாடகர் இவ்வளவு நல்லாத் தமிழ் பாடுவாருன்னு தெரியாது மிஸ். குரல்தான் கொஞ்சம் பொம்பளை மாதிரி இருக்கு," என்றார். கூடமே சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை. கட்டுப்பாட்டு மேசையில் இருந்த சமனிடம், எங்கள் பாடல்களுக்குப் பெயரைக் கையால் எழுத முடியுமா என்று கேட்டேன். சமன் சிங்களவர், நிவித்திகலையில் தோட்டத்துப் பிள்ளைகளோடு பந்து விளையாடிக் கற்ற தமிழ் அவருடையது.

"முடியும் அக்கே. ஆனா பாட்டுக்குப் பாட்டு நீங்கதான் இங்க ஒக்காந்து எழுதணும். மெசினுக்கு ஒங்க ஆளுங்கள தெரியாது."

"தெரியவைப்போம்," என்றேன்.

நிலையத் தலைவரிடம் அனுமதி கேட்டபோது அவர் தோளைக் குலுக்கினார். "எழுதுங்கள். அந்தச் சின்ன எழுத்தை யார் பார்க்கப்போகிறார்கள்?" என்றார். அவர் கெட்டவர் அல்லர், தொல்லையை விரும்பாதவர். அந்தக் கேள்விக்கான விடை எங்கள் இருவரையும் பின்னர் தேடி வந்தது.

நிவித்திகலைக்கு மேலே உள்ள ஒரு தேயிலைத் தோட்டத்துக்குப் பதிவுக்காகப் போனேன். பிற்பகல் மழை பிடித்துக்கொண்டது. கொழுந்து நிறுக்கும் கொட்டகையில் பெண்கள் ஒதுங்கி நின்றார்கள். அந்தக் கூட்டத்தில் முதலடி எடுத்துக் கொடுப்பவர் பாக்கியம் என்ற பெண். உயரமானவர்; எதைச் சொன்னாலும் பாதி சிரிப்போடு சொல்வார். அவர் ஓரடி பாட, மற்றவர்கள் அடுத்த அடியைப் பாடினார்கள். கொழுந்து ஈரமாக இருந்தால் தண்ணீரின் பாரம் என்று நிறுவையில் ஒரு பங்கைக் கழித்துவிடுவது அங்கே வழக்கம். பாட்டு அதைப் பற்றியது.

கொழுந்துல மழை இருக்குன்னு கழிச்சுப்புட்டீங்க – ஐயா
கூடையோட வானத்தையும் நிறுத்துப்புட்டீங்க
நனைஞ்சு வந்த எங்க சேலை பாரமில்லையா – ஐயா
நாங்க செமந்த மழைக்கு மட்டும் நிறுவை இல்லையா

பாட்டு முடிந்ததும் பாக்கியத்தின் பெயரை அறிவிக்கலாமா என்று கேட்டேன். எழுத்திலும் வரும் என்பதையும் விளக்கினேன்.

"எழுத்துலயுமா? பஸ்ஸுலயும் வருமா மிஸ்?"

"புது ரேடியோ இருக்கிற பஸ்ல எல்லாம் வரும்."

"அப்ப போடுங்க. ரத்னபுர பஸ்ஸுல எம் பேரு டிக்கெட் இல்லாம போவட்டும்."

பக்கத்தில் நின்ற அந்தோனியம்மா விடவில்லை. பாக்கியத்துக்கு அடுத்த வீட்டுக்காரர், வாயாடி. "பாக்கியம்னு போட்டா யாரு திரும்பிப் பாப்பா? நல்ல சினிமாக்காரி பேரா சொல்லுடி."

"ஒன் பேரப் போட்டா பஸ்ஸு ரத்னபுர போய்ச் சேந்த பொறகும் பேரு ஓடிக்கிட்டே இருக்கும்."

இவர்களுக்குப் பின்னால் செல்வராணி என்ற இளம்பெண் ஒருத்தி வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள். அன்று அவள் பேசி நான் கேட்கவில்லை.

அடுத்த ஞாயிறு அந்தப் பாடல் போயிற்று. 'பாக்கியம், நிவித்திகல' என்று நானே எழுதினேன். எத்தனையோ வண்டிகளின் கண்ணாடியில் அந்தப் பெயர் நின்றது. அவற்றுள் ஒன்று, அதே தோட்டத்தின் உதவி முகாமையாளருடைய வண்டி. தோட்டத்தில் அவரைச் சின்ன தொரை என்பார்கள்.

ஒலி காற்றோடு போய்விடும். யார் பாடியது, எந்த ஊர் என்று மறுநாள் கேட்டால் இல்லையென்று சொல்லிவிடலாம். எழுத்து அப்படியில்லை. அவர் வண்டியை ஓரமாக நிறுத்தி, அந்தக் கண்ணாடியைக் கைப்பேசியில் படம் பிடித்திருக்கிறார். மறுநாள் காலை வேலை பிரித்துக் கொடுக்கும் இடத்தில், அதைப் பெரட்டுக் களம் என்பார்கள், அந்தப் படத்தைப் பாக்கியத்தின் முகத்துக்கு நேரே நீட்டியிருக்கிறார்.

"இது யாரு?"

"நான்தாங்க."

அவர் சத்தம் போடவில்லையாம். "பாட்டு நல்லா இருந்திச்சு. இன்னியிலேருந்து நீ தூரமலைக்குப் போ, புல்லு வெட்ட. அங்க ஆளுங்க யாரும் இல்ல, நல்லா சத்தமா பாடலாம்," என்றாராம்.

தூரமலை என்பது தோட்டத்தின் எல்லையில், காடு தொடங்கும் இடத்தில் இருக்கும் செங்குத்தான பகுதி. ஏறி முடிப்பதற்குள் காலை கழிந்துவிடும். அட்டைகள், ஈரம், காட்டுப்பன்றிகளின் தடம். கூட்டமாகப் போனால் அது ஒரு வேலை. ஒரு பெண் தனியாகப் போனால் அது தண்டனை. யாரும் அதைத் தண்டனை என்று சொல்லவில்லை. வேலையாகத்தான் பிரித்துக் கொடுத்தார்கள். நாள் தவறாமல் கொடுத்தார்கள்.

இதை என்னிடம் தொலைபேசியில் சொன்னவள் செல்வராணி. "நான் சொன்னேன்னு சொல்லிடாதீங்க மிஸ்," என்று இரண்டு முறை கேட்டுக்கொண்டாள்.

அந்த வாரமே நிலையத் தலைவர் என்னை அழைத்தார். தோட்ட நிர்வாகத்தில் இருந்து ஒருவர் அவரோடு பேசியிருக்கிறார். மிரட்டவில்லை, மரியாதையாகவே பேசியிருக்கிறார். அவர்களுடைய தேயிலை விளம்பரம் காலைச் செய்திக்கு முன் போகிறது என்பதை நினைவூட்ட வேண்டிய தேவை அவர்களுக்கு இருக்கவில்லை. தலைவர் எல்லோருக்கும் ஏற்ற ஒரு வழியைக் கண்டுபிடித்து வைத்திருந்தார்.

"பாட்டை நிறுத்தச் சொல்லவில்லை. விரும்பிய மட்டும் போடுங்கள். பெயரை மட்டும் எடுத்துவிடுங்கள். 'நாட்டார் பாடல்' என்று போடுங்கள், போதும். அந்தப் பெண்ணுக்கும் அதுதான் பாதுகாப்பு. நீங்கள் படித்தவர், உங்களுக்கே தெரியும்."

இளம் நண்பர்களே, இப்படி ஒரு கட்டளை வரும்போதுதான் உண்மையிலேயே கடினமாக இருக்கும். விளம்பரம் போய்விடும் என்று மட்டும் அவர் சொல்லியிருந்தால் நான் அந்த இடத்திலேயே மறுத்திருப்பேன். அவர் பாக்கியத்தின் பாதுகாப்பைக் காரணமாக வைத்தார். அது பொய்க் காரணமும் அல்ல. பெயரால் அவருக்குத் துன்பம் வந்திருந்தது. பெயரை எடுத்தால் அது தீரவும் கூடும். என்னுடைய கொள்கைக்காக இன்னொருத்தியின் கால்கள் தூரமலை ஏறுவது என்ன நியாயம்?

மறுபக்கத்தையும் நிறுத்துப் பார்த்தேன். 'நாட்டார் பாடல்' என்றால் யாரும் எழுதாதது, யாரும் பாடாதது, எப்போதோ காட்டில் முளைத்தது என்று பொருளாகிவிடும். பாக்கியம் இந்த மழைக்காலத்தில், இந்த நிறுவையைப் பார்த்து, தம் வாயால் கட்டிய பாட்டு அது. முறையீட்டை வைத்துக்கொண்டு முறையிட்டவளை அழித்துவிட்டால் எஞ்சுவது ஒரு மெட்டு. மெட்டினால் எந்த முகாமையாளருக்கும் தொல்லை இல்லை.

எப்படி நிறுத்தாலும் தராசு என் கையில் இருக்கக் கூடாது என்பது மட்டும் எனக்குத் தெளிவாக இருந்தது. "அவரிடம் கேட்டுவிட்டுச் சொல்கிறேன்," என்றேன்.

"யாரிடம்?"

"பெயருக்கு உரியவரிடம்."

மறுநாள் மாலை பஸ் ஏறினேன். வேலை முடிந்து எல்லோரும் அந்தோனியம்மா வீட்டில் கூடினார்கள். பாக்கியம் பாவாடையை முழங்கால்வரை தூக்கிச் செருகி, கணுக்காலில் சுண்ணாம்பு தடவிக்கொண்டிருந்தார். அட்டை கடித்த இடங்கள். தலைவர் சொன்னதைக் கூட்டாமல் குறைக்காமல் சொன்னேன். பெயரை எடுத்தால் என்ன ஆகலாம், எடுக்காவிட்டால் என்ன ஆகலாம் என்பதையும் சொன்னேன்.

முதலில் பேசியவள், நான் எதிர்பாராத விதமாக, செல்வராணி. "மிஸ் பேசிப்புட்டு பஸ்ஸு ஏறிருவாங்க. காலையில பெரட்டுக்கு நாமதான் போவணும். பேரு என்னாத்துக்கு? எடுத்துருங்க மிஸ்."

அதில் தவறொன்றும் இல்லை. அவள் சொன்னது முழுக்க உண்மை.

பாக்கியம் சுண்ணாம்புச் சிமிழை மூடினார். "எடுக்கலாந்தான். எடுத்தா நாளைக்கே கிட்டத்து மலைக்கு விட்டுருவாங்க. அது எனக்கும் தெரியும். ஆனா இந்த பாட்ட எவடி பாடுனதுன்னு எவளாவது கேட்டா நான் என்னாத்த சொல்ல? அன்னைக்கு அவரு முன்னால நான்தாங்கன்னு சொன்னேன். இப்ப அது நான் இல்லீங்கன்னு ரேடியோவே சொல்லணுமா?"

"நீ மட்டுமா பாடுன?" என்றார் அந்தோனியம்மா. "ரெண்டாவது அடியெல்லாம் எங்க தொண்டை. அன்னைக்கு ஒம் பேர மட்டும் போட்டதே எனக்கு எரிச்சல். மிஸ், நான் கேக்குறேன். அந்தக் கண்ணாடில ஒரு பேருதான் புடிக்குமா?"

"ஒரு நேரத்துக்கு ஒண்ணு. ஆனா மாத்தி மாத்திப் போடலாம்."

"அப்ப எல்லாரு பேரையும் போடுங்க. ஒருத்தின்னா தூரமலைக்கு அனுப்புவாரு. எல்லாரையும் அனுப்பிட்டா கிட்டத்து மலையில கொழுந்து பறிக்கிறது யாரு, அவரு பொஞ்சாதியா?"

வீடு அதிரச் சிரித்தார்கள். சிரிப்பின் வேகத்தில் எல்லோரும் தலையாட்டினார்கள். அங்கேதான் நான் குறுக்கே நின்றேன். கூட்டத்தில் ஆட்டும் தலையை நான் சம்மதமாக எடுத்துக்கொள்வதில்லை. வாசலுக்கு வெளியே, குழாயடியில், ஒவ்வொருவரையும் தனித்தனியே அழைத்துக் கேட்டேன். வேண்டாம் என்றால் காரணம் சொல்ல வேண்டியதில்லை, உள்ளே இருப்பவர்களுக்கு நான் சொல்லவும் மாட்டேன் என்றேன். இரண்டு பேர் வேண்டாம் என்றார்கள். ஒருத்திக்கு வீட்டில் நோயாளி. மற்றவள் காரணம் சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. இதை நீங்கள் பழக்கமாக்கிக்கொள்ள வேண்டும். துணிச்சலை நாம் யாரிடமும் கேட்டு வாங்கக் கூடாது. தருகிறவர்களிடமிருந்து மட்டும் பெற்றுக்கொள்ள வேண்டும்.

செல்வராணி கடைசியாக வந்தாள். மறுக்கப்போகிறாள் என்றே நினைத்தேன். குழாயைத் திறந்து கையைக் கழுவினாள், மூடினாள், மறுபடி திறந்தாள்.

"போடுங்க," என்றாள். "ஆனா கடைசில போடுங்க மிஸ்."

"ஏன்?"

"மத்தவங்க பேரு வந்துட்டா பயம் கொறஞ்சுரும்ல."

இரத்தினபுரிக்குத் திரும்பிய மறுநாள் தலைவரின் அறைக்குப் போனேன். மறைத்துச் செய்துவிட்டுப் பிறகு விளக்கம் சொல்வது எனக்கு உடன்பாடில்லை. அடுத்த ஞாயிறு பாடல் மீண்டும் போகும், பாடிய எல்லோருடைய பெயர்களும், சம்மதித்தவர்களுடையவை, ஒன்றன்பின் ஒன்றாக வரும் என்று சொன்னேன்.

அவர், "இதனால் அவர்களுக்கு ஏதாவது நடந்தால்?" என்றார்.

"ஏற்கெனவே நடந்துகொண்டிருக்கிறது, சேர். யாருக்கும் தெரியாமல் நடக்கிறது. பெயரை எடுத்தால் அது இன்னும் தெரியாமல் நடக்கும்."

"உங்களுக்கு?"

"பொறுப்பு என்னுடையது. பெயர்கள் இல்லாமல் பாடலைப் போடச் சொன்னால், பாடியவர்களின் பெயர்களை நிலையம் மறைத்திருக்கிறது என்று நானே ஒலிவாங்கியில் அறிவிப்பேன். அதை முன்கூட்டியே உங்களிடம் சொல்வதுதான் மரியாதை."

அவர் சரி என்று சொல்லவில்லை. வேண்டாம் என்றும் சொல்லவில்லை. ஜன்னல் பக்கம் திரும்பி, களு கங்கை எவ்வளவு பெருகியிருக்கிறது என்று பார்க்கத் தொடங்கினார். நம் நிலையத்தில் அதற்கு ஒரு பொருள் உண்டு: நீ செய், எனக்குத் தெரியாது.

ஞாயிறு வந்தது. பெயர்களை முன்கூட்டியே தட்டெழுதி வரிசையாக வைத்திருந்தேன். சமன் ஒலியைக் கவனித்துக்கொள்ள, நான் கட்டத்துக்கு முன்னால் உட்கார்ந்தேன். பாட்டு தொடங்கியது. பாக்கியம். ஓரடி முடிந்தது. அந்தோனியம்மா. இப்படி ஒவ்வொரு பெயரும் கொஞ்ச நேரம் நின்று, அடுத்த பெயருக்கு இடம்விட்டது. கோயிலில் விளக்கைக் கைமாற்றுவது போல இருந்தது எனக்கு. சமனுடைய கைப்பேசியில் இருந்த வானொலியில் அவர் ஒவ்வொன்றையும் படித்துக்கொண்டே வந்தார். "ஸ்டெல்லா வந்தாச்சு அக்கே. புஷ்பராணி வந்தாச்சு."

பாட்டின் நடுவில் தொலைபேசி அடித்தது. சமன் எடுத்தார், முகம் மாறியது, என்னிடம் நீட்டினார். தலைவர். ஞாயிற்றுக்கிழமை வீட்டில் இருந்து பேசினார். இம்முறை அவருக்குத் தெரியாது என்று சொல்ல முடியாதபடி, தோட்ட நிர்வாகம் நேரடியாக அவரை அழைத்திருக்கிறது.

"பாட்டு போகட்டும். பெயர்களை இப்போதே நிறுத்துங்கள்."

இந்த இடத்தில் உங்களுக்கு அவகாசம் இருக்காது. ஒரு கையில் தொலைபேசி, மறு கையில் அடுத்த பெயர். இரண்டு முறை யோசிப்பவளான நான் அன்று யோசிக்கவில்லை. யோசனையெல்லாம் அந்தோனியம்மா வீட்டுக் குழாயடியிலேயே முடிந்திருந்தது. அடுத்த பெயரை அனுப்பினேன். பிறகு சொன்னேன்.

"பாடல் முடியும்வரை பெயர்கள் இருக்கும், சேர்."

மறுமுனையில் அவர் மூச்சுவிடும் சத்தம் கேட்டது. அவர் வைக்கவுமில்லை, நானும் வைக்கவில்லை. மிச்சப் பாட்டை இருவரும் சேர்ந்தே கேட்டோம். கடைசிப் பெயர் செல்வராணி. பாட்டு அடங்கியது. எங்கள் அரைமணி முடிந்து, சிங்களச் செய்தி தொடங்கியது.

செய்தி வாசிப்புக்குப் பாடியவர் கிடையாது. ஆகவே கணினி புதிய வரி எதையும் அனுப்பவில்லை. பழைய வரி அப்படியே நின்றது. அமைச்சர் ஒருவரின் கூட்டம் பற்றி வாசிக்கிறார்கள். கண்ணாடியில் செல்வராணி, நிவித்திகல. நான் இதைத் திட்டமிடவில்லை. கண்டேன், அழிப்பதற்கான விசைமேல் என் விரல் இருந்தது.

"பாடல் முடிந்துவிட்டது," என்றார் தலைவர். "இப்போது எடுக்கலாம் அல்லவா?"

அவர் என் வார்த்தையையே எனக்குத் திருப்பிக் கொடுத்தார். நியாயமான கேள்விதான். நான் விரலை எடுத்துவிட்டேன்.

"அடுத்த பாடல் வந்ததும் தானாகவே மாறிவிடும், சேர். எங்கள் பாடல்களின் மேல் மற்றவர்கள் பெயர் நின்ற காலமெல்லாம் அப்படித்தானே மாறியது. அப்போது யாரும் தொலைபேசியில் அழைக்கவில்லை."

அவர் தொலைபேசியை வைத்துவிட்டார். சமன் திரையைப் பார்த்தபடியே, "அக்கே, நீங்க அமைதியான ஆள்னு சொன்னாங்க," என்றார். செய்தி முடியும்வரை இருவரும் அந்தக் கட்டத்தைத் தொடவில்லை.

அதற்குப் பிறகு நடந்தவற்றை இனிப்பு பூசாமல் சொல்கிறேன். தமிழ் அரைமணி பிற்பகலுக்குத் தள்ளப்பட்டது. என்னை அதிலிருந்து எடுத்து, பழைய ஒலிநாடாக்களைப் படியெடுக்கும் அறைக்கு அனுப்பினார்கள். எனக்கு வரவேண்டியதாக எல்லோரும் சொன்ன பதவி இன்னொருவருக்குப் போயிற்று. பிற்காலத்தில் நிகழ்ச்சியைத் திரும்பப் பெற்றேன், பதவியைப் பெறவில்லை. அதற்காக வருந்துகிறேனா என்று இளையவர்கள் கேட்பதுண்டு. வருந்தும்படி எதையும் நான் செய்யவில்லை. செய்தவர்களைக் கேளுங்கள்.

தோட்டத்தில் திங்கட்கிழமை என்ன நடந்தது என்பதை அன்று மாலை செல்வராணி தொலைபேசியில் சொன்னாள். இந்த முறை தன் பெயரைச் சொல்ல வேண்டாம் என்று அவள் கேட்கவில்லை.

சின்ன தொரை பெரட்டுக் களத்துக்கு வந்திருக்கிறார். கைப்பேசியில் பல படங்கள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு பெயர். ஒரு படத்தைக் காட்டி, "இது யாரு?" என்றிருக்கிறார்.

"நான்தாங்க," என்று அந்தோனியம்மா முன்னால் வந்தாராம். "ஐயா, படம் தெளிவா இருக்கா? எம் பேரு பூராவும் விழுந்திருக்கா?"

அடுத்த படம். நான்தாங்க. அடுத்தது. நான்தாங்க. அவர் சில படங்களோடு நிறுத்திக்கொண்டு, கைப்பேசியைச் சட்டைப் பைக்குள் போட்டுவிட்டார். எல்லோரும் தூரமலைக்குப் போங்கள் என்றார். போனார்கள். பாக்கியம் தனியாக ஏறிய பாதையில் அன்று கூட்டமாக ஏறினார்கள். பெயர் தராத இருவரில் ஒருத்தியும் யாரும் சொல்லாமலே கூடவே நடந்திருக்கிறாள். மற்றவள் கிட்டத்து மலைக்குப் போனாள், அவளை யாரும் ஒன்றும் சொல்லவில்லை. மேலே போய்ச் சேர்ந்ததும், சின்ன தொரை முன்பு சொல்லியிருந்தபடியே, நல்ல சத்தமாகப் பாடினார்களாம்.

கிட்டத்து மலையில் கொழுந்து பறிக்க ஆளின்றி முற்றத் தொடங்கியது. தொழிற்சாலையில் இருந்து கேள்வி வந்தது. அந்த வாரம் முடிவதற்குள் எல்லோரும், பாக்கியமும் சேர்த்து, பழைய இடத்துக்குத் திரும்பினார்கள். யாரும் வருத்தம் தெரிவிக்கவில்லை. யாரும் அதை எதிர்பார்க்கவும் இல்லை. ஈரக் கொழுந்துக்குக் கழிவு போடுவது இன்றும் நடக்கிறது. ஒரு பாட்டினால் நிறுவை மாறிவிட்டது என்று நான் உங்களிடம் பொய் சொல்லமாட்டேன். ஆனால் அந்தத் தோட்டத்தில் அதன்பிறகு பாடியதற்காக ஒருத்தியைத் தனியாக மலையேற்றவில்லை.

உங்கள் திரையில் அந்தக் கட்டத்தைத் திறந்தால், தட்டெழுதும் சிரமம் இல்லாமல் தேர்ந்தெடுக்க, 'நாட்டார் பாடல்' என்ற வரி இன்னும் தயாராகக் காத்திருக்கிறது. பாடியவர் யாரென்று தேடிப் பார்த்தும் தெரியாதபோது அதைப் பயன்படுத்துங்கள். தெரிந்திருந்தும் பயன்படுத்தச் சொல்வார்கள். நல்ல காரணங்களோடு சொல்வார்கள். அந்த நேரத்தில் பெயருக்கு உரியவரிடம் போய்க் கேளுங்கள். அவர் வேண்டாம் என்றால் எடுத்துவிடுங்கள். வேறு யார் வேண்டாம் என்றாலும் எடுக்காதீர்கள்.

அன்று தொலைபேசியை வைப்பதற்கு முன் செல்வராணி ஒன்று கேட்டாள்.

"மிஸ், செய்தி வாசிக்கிறப்பவும் எம் பேருதான் நின்னுச்சாமே. பஸ்ஸு டிரைவரு சொன்னாரு. நெசமா?"

"நிசம்தான். முடியும்வரை நின்னுச்சு."

"அன்னைக்கு என்னா செய்தி மிஸ்?" என்றாள்.

யோசித்துப் பார்த்தேன். "ஞாபகம் இல்லை, செல்வராணி."

"பஸ்ஸுக்காரருக்கும் ஞாபகம் இல்லையாம்," என்றாள்.